ஒப்பிட முடியாதுன்னு சொல்லி பழைய ஹாக்கிக்காரங்கள மறக்க வச்சிடாதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், வயசு 62, எங்க அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில வேல செஞ்சவரு, வேல முடிஞ்சு சாயங்காலம் ரயில்வே திடல்ல ஹாக்கி ஆடுவாரு. எங்க வீட்ல சாமி படத்துக்கு அடுத்து செவுத்துல சாத்தி வச்சிருந்தது அவரோட ஹாக்கி மட்டைதான். உங்க பத்திரிகைய நான் விளையாட்டுப் பக்கத்துல இருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவ, பேச்சு வழக்குலயே எழுதுறேன், அப்படி எழுதுனாதான் மனசுல உள்ளது வருது.

போன ஞாயித்துக்கிழம காலையில எங்க பக்கத்து ஒட்டுக்கடையில ஒரு சண்ட. சண்டன்னா கை கலப்பு இல்ல, தே தாரிக் ஆறிப்போற அளவுக்கு வாக்குவாதம். எங்க அக்கா மகன் வந்திருந்தான், 31 வயசு, வேலைக்குப் போய்ட்டு வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி டர்ஃப்ல, அதான் செயற்கைப் புல்லுத் திடல்ல, ஹாக்கி ஆடுறவன். அவன் சொல்றான், ஹாக்கியில உலகத்துலயே பெரிய ஆளு ஆஸ்திரேலியாவோட ஜேமி டுவையர்தான், 5 தடவ உலகத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்குனவரு, அதுக்கு மேல என்ன பேச்சுன்னு. பக்கத்து மேசையில எங்க அப்பா காலத்து ஆளு ஒருத்தர், இப்ப 78 இருக்கும், நாங்கள்லாம் அண்ணேன்னுதான் கூப்டுவோம், அவரு மேசைய தட்டிட்டு இந்தியாவோட தயான் சந்த் பேர சொல்லாம நீ எப்படிடா ஹாக்கி பேசுறன்னு கேட்டாரு. இவன் உடனே, 1932 ஒலிம்பிக்ல மொத்தமே 3 டீம்தானே மாமா, இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, அதுல அமெரிக்காவ 24-1ன்னு அடிச்சத எல்லாம் கணக்குல எடுக்க முடியுமான்னு என்னைப் பாத்து கேக்குறான். அண்ணனுக்கு முகம் செவந்துடுச்சு.

அப்ப அங்க உக்காந்திருந்த இன்னொருத்தர், வாத்தியார் வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, நல்ல மனுஷன், ரெண்டு பக்கமும் சமாதானம் பண்றதுக்காக ஒண்ணு சொன்னாரு. "தலைமுறைக்கு தலைமுறை ஒப்பிட முடியாதுப்பா, அது வேற இது வேற, விடுங்க." எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, பேச்சு முடிஞ்சிடுச்சு, பில்லு கட்டிட்டு கெளம்பிட்டாங்க.

எனக்கு அந்த சண்ட வலிக்கல, அது முடிஞ்ச விதம்தான் வலிச்சுது. வீட்டுக்கு வந்தும் ஆறல, அதான் எழுதுறேன்.

ஒப்பிட முடியாதுன்னு சொல்றது கேக்க நியாயமா இருக்கும். ஆனா அப்படி சொல்லிட்டா நடக்குறது என்ன? வீடியோ உள்ளவன் நிக்கிறான், வீடியோ இல்லாதவன் காணாமப் போறான். டுவையர் போட்ட கோல இப்ப நெனச்சா ஃபோன்ல பாத்துக்கலாம். 1975 உலகக் கிண்ணத்துல நம்ம மெர்டேக்கா ஸ்டேடியத்துல ஆடுனவங்கள யாரு பாக்குறது? அவங்கள ஒப்பிட்டு, சண்ட போட்டு, பேர சொல்லி சொல்லித்தான் உயிரோட வச்சிருக்க முடியும். பேச்ச நிறுத்துனா அவங்களும் நின்னுடுவாங்க. அதனால சண்ட போடுங்கன்னுதான் நான் சொல்றேன், ஆனா விஷயம் தெரிஞ்சு போடுங்க.

மொதல்ல ஆட்டமே எப்படி மாறிப்போச்சுன்னு சின்னப் பிள்ளைங்களுக்கு யாராவது சொல்லணும். எங்க அப்பா காலத்துல புல்லுத் திடல். மழ பேஞ்சா சேறு, வெயில் காஞ்சா பந்து எந்தப் பக்கம் துள்ளும்னு சொல்ல முடியாது. அதுல பந்த நிறுத்துறதே ஒரு வித்த, மட்டையில பந்து ஒட்டணும்னா கண்ணும் மணிக்கட்டும் ஒண்ணா வேல செய்யணும். 1976 மொண்ட்ரியல் ஒலிம்பிக்லதான் முதல் தடவையா செயற்கைப் புல்லு விரிச்சாங்க, அதோட எல்லாமே தலகீழா போச்சு. பந்து நேரா ஓடுது, வேகம் கூடுது, ஓடுறதுக்கு நெஞ்சுல மூச்சு அதிகம் வேணும். இந்தியா பாகிஸ்தான் மாதிரி மணிக்கட்டால ஆடுற நாடுங்க கஷ்டப்பட்டது அதுக்கப்புறம்தான், ஒரு டர்ஃப் போடுறதுக்கு ஆகுற செலவுல எத்தன பள்ளிக்கூடத் திடல பராமரிக்கலாம்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம நாட்லயும் தோட்டத்துப் பிள்ளைங்களும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைங்களும் வீட்டு வாசல்லயே பழகுன ஆட்டம், டர்ஃப் உள்ள எடத்துக்கு பஸ் புடிச்சுப் போய் ஆடுற ஆட்டமா ஆயிடுச்சு.

அப்புறம் ஆஃப்சைடு. இப்ப ஹாக்கியில ஆஃப்சைடு கிடையாது, 90-கள் நடுவுலயே எடுத்துட்டாங்க. அது இருந்த காலத்துல ஒரு ஃபார்வர்டு கோல் போஸ்ட் பக்கத்துல போய் சும்மா நின்னுக்கிட்டு பந்துக்கு காத்திருக்க முடியாது. ஆள ஏமாத்திட்டுத்தான் உள்ள போகணும். பெனால்டி கார்னர்னா எதிர் டீம் தப்பு பண்ணும்போது கோல் கோட்டுல இருந்து பந்த தள்ளிவிட்டு அடிக்க கெடைக்கிற வாய்ப்பு, அத அடிக்கும்போது ஒருத்தர் குனிஞ்சு பந்த கையால நிறுத்துவாரு, இன்னொருத்தர் ஓங்கி அடிப்பாரு, இப்ப உள்ள மாதிரி பந்த மட்டையாலயே இழுத்து வீசுற டிராக் ஃபிளிக் அப்ப யாருக்கும் தெரியாது. ஆள மாத்துறதும் இப்ப மாதிரி இல்ல. இப்ப மூச்சு வாங்குனா வெளிய வந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடி உள்ள போலாம், அப்ப வெளிய வந்தா வந்ததுதான். ஆட்டம் ரெண்டு பாதி, ஒவ்வொண்ணும் 35 நிமிஷம். இப்ப 15 நிமிஷமா நாலு கால் பகுதி. கோல்கீப்பருங்க தலைக்கு ஹெல்மெட் இல்லாம நின்னாங்க, கால்ல கட்டுற பேட்டு கிரிக்கெட் பேட்டு மாதிரி கனமா இருக்கும், மழையில நனைஞ்சா இன்னும் கனம்.

இதெல்லாம் தெரிஞ்சா கோல் எண்ணிக்கைய வச்சு சண்ட போட மாட்டோம். பாகிஸ்தானோட சொஹேல் அப்பாஸ் 348 கோல் போட்டாரு, அதுக்கு முன்னாடி நெதர்லாந்தோட பால் லிட்ஜென்ஸ் 267. ரெண்டு பேருமே பெனால்டி கார்னர்ல பேர் போனவங்க. 2002 உலகக் கிண்ணம் நம்ம புக்கிட் ஜாலில்ல நடந்தப்ப சொஹேல் அப்பாஸ் டிராக் ஃபிளிக் எடுக்குறத நான் நேர்ல பாத்தேன், மட்டையில இருந்து பந்து கெளம்புற சத்தத்துக்கும் போர்டுல மோதுற சத்தத்துக்கும் நடுவுல எடவெளியே இல்ல. பெரிய ஆளுதான், சந்தேகமே இல்ல. ஆனா 348-ங்கற நம்பர காட்டி புல்லுத் திடல்ல ஆடுன சென்டர் ஃபார்வர்ட சின்ன ஆளுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்ப எத வச்சுத்தான் ஒப்பிடுறது? எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் ஒண்ணுதான். அந்த ஆளு கையில அன்னைக்கு என்ன இருந்துச்சு, அத வச்சு அவன் டீம எது வரைக்கும் தூக்கிட்டுப் போனான்.

தயான் சந்த அந்த அளவுகோல்ல வச்சுப் பாருங்க. பட்டாளத்து சிப்பாய். 1928, 1932, 1936ன்னு மூணு ஒலிம்பிக் தங்கம், போறதுக்கு கப்பல்ல வாரக்கணக்கா பயணம். அக்கா மகன் சொன்ன மாதிரி 1932-ல டீம் கொறச்சல்தான், சரி. ஆனா 1936-ல பெர்லின்ல ஜெர்மனிக்காரன் ஊர்லயே ஃபைனல்ல ஜெர்மனிய 8-1ன்னு அடிச்சாங்களே, அத எங்க கொண்டு போய் வைக்கிறது? அவருக்கப்புறம் பல்பீர் சிங். 1948, 1952, 1956 மூணுலயும் தங்கம், 1952 ஃபைனல்ல நெதர்லாந்த 6-1ன்னு ஜெயிச்சதுல 5 கோல் அவரு ஒருத்தரே போட்டது. அந்தப் பேர அன்னைக்கு ஒட்டுக்கடையில ஒருத்தர் கூட எடுக்கல. அதுவும் கோலாலம்பூர்ல உக்காந்துக்கிட்டு! 1975-ல இந்தியா இங்க உலகக் கிண்ணம் ஜெயிச்சப்ப அந்த டீமுக்கு மேனேஜரே அவருதான்.

அந்த 1975-க்கு வரேன். இத எழுதும்போதே எனக்கு மனசு வேகமா அடிக்குது.

அப்ப எனக்கு 12 வயசு. நம்ம நாடு ஒரு உலகக் கிண்ணத்த நடத்துது. வெறும் நடத்துறது மட்டும் இல்ல, ஜெயிக்கவும் செய்யுது. முந்தின உலகக் கிண்ணத்த ஜெயிச்ச நெதர்லாந்த நம்ம பசங்க 2-1ன்னு தோக்கடிச்சு செமிஃபைனலுக்குப் போனாங்க. பயிற்சியாளர் ஹோ கோ சாய், 1964, 1968 ஒலிம்பிக்ல நமக்கு கோல்கீப்பரா நின்னவரு. கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின், மொஹிந்தர் சிங், கோல்ல கைருடின். இந்தப் பேருங்கள சேத்து சொல்லிப் பாருங்க, நம்ம நாடு மொத்தமும் அதுல இருக்கும். எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரே ஒரு வீட்லதான் டிவி, கருப்பு வெள்ள. அந்த வீட்டு சீன அம்மா வாசக்கதவு, ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வச்சிட்டாங்க, மலாய்க்காரங்க, சீனங்க, நாங்க எல்லாம் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு நின்னு பாத்தோம்.

செமிஃபைனல் இந்தியாவோட. எங்க அப்பா தமிழ்நாட்ல பொறந்து சின்ன வயசுலயே இங்க வந்தவரு. அன்னைக்கு காலையில பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம், நீ எந்தப் பக்கம்னு. அப்பா பதில் சொல்லல, பட்டறையில இருந்து வந்ததும் மலேசியா ஜெர்சி கலர்ல ஒரு சட்டைய தேடி எடுத்துப் போட்டுக்கிட்டாரு. நாம 2-1ன்னு முன்னால இருந்தோம். ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி. இந்தியா அஸ்லம் ஷேர் கான உள்ள எறக்குனாங்க, பெனால்டி கார்னர், கழுத்துல கெடந்த தாயத்துக்கு முத்தம் குடுத்துட்டு அடிச்சாருன்னு பின்னால எல்லாரும் சொல்லுவாங்க, 2-2. அப்புறம் கூடுதல் நேரத்துல ஹர்சரண் சிங் போட்ட கோல்ல 3-2. அந்த சீன அம்மா வீட்ல ஒரு சத்தம் இல்ல. அப்பா வெளிய வந்து படிக்கட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நானும் பக்கத்துல போய் உக்காந்தேன், அவரு ஒண்ணும் பேசல, என் தலைமேல கைய வச்சுக்கிட்டாரு. கடைசியில நமக்கு நாலாவது எடம். அதுக்கு முன்னாலயும் இல்ல, இன்னைக்கு வரைக்கும் அந்த எடத்த உலகக் கிண்ணத்துல நாம எட்டவே இல்ல.

ஃபைனலுக்கு அப்பா என்னை மெர்டேக்கா ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. மார்ச் 15. இந்தியா பாகிஸ்தான். 1-1ல இருக்கும்போது அசோக் குமார், தயான் சந்தோட மகன், அடிச்ச பந்து போஸ்ட்டுல பட்டு வெளிய துள்ளிடுச்சு. பாகிஸ்தான்காரங்க கோல் இல்லன்னு ஓடி வராங்க. நம்ம மலேசிய நடுவர் விஜயநாதன் கோல்னு கை காட்டிட்டாரு. அப்ப வீடியோ ரெஃபரல் ஏது, கண்ணுதான். உலகக் கிண்ண ஃபைனல்ல, அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால, நம்ம ஊர் தமிழர் ஒருத்தர் விசில ஊதிட்டு அசையாம நின்னது என் கண்ணுலயே இருக்கு. பெரிய ஆளுங்க பட்டியல்னு ஒண்ணு போட்டா ஆட்டக்காரங்க பக்கத்துல அவருக்கும் எடம் வேணும்னு நான் கேக்குறேன்.

இப்ப நம்ம நாட்டுக்குள்ளயே யார் பெரிய ஆளுன்னு வந்தா சண்ட இன்னும் சூடாகும். ஆகட்டும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்தான் மலாயா ஹாக்கிக்கு முதல் ஒலிம்பிக். நாடு சுதந்திரமே வாங்கல. அதுல ஆடுன மைக் ஷெப்பர்ட்சன உலக லெவன்ல, அதான் உலகத்தோட சிறந்த 11 பேர் டீம்ல, தேர்ந்தெடுத்தாங்க. அவரு கிரிக்கெட்லயும் மலாயாவுக்கு கேப்டன். இன்னைக்கு நம்ம பசங்க எத்தன பேருக்கு இந்தப் பேரு தெரியும்? 1962 ஆசிய விளையாட்டுல முதல் வெண்கலம். 70-கள்ல மகேந்திரன், பாலசிங்கம், யோகேஸ்வரன், பத்மராஜா காலம். 1972, 1976 ரெண்டு ஒலிம்பிக்லயும் 8-வது எடம். 1980 மாஸ்கோவுக்கு நாடே போகல, அரசியல் காரணம், அந்த வயசுல உச்சத்துல இருந்தவங்களுக்கு அது திரும்பி வரவே இல்ல. அந்த நாலு வருஷத்த எந்தக் கணக்குல எழுதுறது?

90-கள்ல நூர் சைஃபுல் ஜைனி, மிர்னாவான் நவாவி. மிர்னாவான் 1992, 1996, 2000 மூணு ஒலிம்பிக். அவரு பந்தோட ஓடும்போது எதிர்ல நிக்கிறவன் பின்னாலயே போய்க்கிட்டு இருப்பான், எங்க கால வைக்கிறதுன்னு அவனுக்குத் தெரியாது. 1998 காமன்வெல்த்ல புக்கிட் ஜாலில்லயே வெள்ளி. 2000 சிட்னிக்கு அப்புறம் நம்ம ஹாக்கி ஒலிம்பிக் பக்கமே போகல, அத நெனச்சா இன்னைக்கும் தொண்ட அடைக்குது.

எங்க அக்கா மகன் மலேசியாவுல பெரிய ஆளுன்னு சொல்றது கோல்கீப்பர் எஸ். குமார். நான் ரொம்ப வருஷமா ஒத்துக்காம இருந்தேன். 300-க்கு மேல ஆட்டம் ஆடிட்டாருன்னு அவன் சொல்லும்போதெல்லாம், இப்ப வருஷம் பூரா போட்டி இருக்கு, அப்ப வருஷத்துக்கு நாலு போட்டி கெடச்சா பெரிசு, எண்ணிக்கைய காட்டாதன்னு சொல்லிடுவேன். அது இன்னைக்கும் உண்மதான். ஆனா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு செமிஃபைனல ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்து பாத்தோம். மறுபடியும் இந்தியா. 2-2. ஷூட்அவுட். ஒரு ஆளு ஒரு கோல்கீப்பர், 8 நொடி. அதுவும் முடியாம சடன் டெத்துக்கு, அதான் ஒரு பக்கம் போட்டு மறு பக்கம் விட்டா அதோட முடிவுங்கற கட்டத்துக்கு, போச்சு, 7-6ன்னு ஜெயிச்சோம், கடைசியா வந்தவன அந்த மனுஷன் மறிச்ச வெதத்தப் பாத்து நான் எழுந்து நின்னுட்டேன். 38 வயசு அவருக்கு. 8 நொடிக்குள்ள மொதல்ல அசையாம நிக்கணும், அடிக்கிறவன்தான் அசையணும், அந்தப் பொறும வயசுல இருந்து வர்றது. 1975-ல விட்டதுக்கு 43 வருஷம் கழிச்சு ஒரு பதில் மாதிரி எனக்கு இருந்துச்சு. அப்பா இல்ல பாக்குறதுக்கு. அவன் தோள்ல கைய போட்டு, சரிடா, உன் ஆளு பெரிய ஆளுதான்னு சொன்னேன். ஃபைனல்ல ஜப்பானோட 6-6, ஷூட்அவுட்ல தோத்துட்டோம், தங்கம் ஜெயிச்சிருந்தா தோக்கியோ ஒலிம்பிக் நேரா கெடச்சிருக்கும். அத பேச எனக்கு இன்னும் தெம்பு வரல.

அதனாலதான் சொல்றேன், ஒப்பிடலாம். ஹோ கோ சாய் ஹெல்மெட் இல்லாம நின்ன கோல்லயும், குமார் ஷூட்அவுட்ல நின்ன கோல்லயும் கேள்வி ஒண்ணுதான், எதிர்ல வர்றவன் உன்ன முந்தி அசைய வைக்கிறானா இல்லையா. காலம் மாறுனாலும் அந்தக் கேள்வி மாறல. எனக்கு குமார்தான் ஒரு படி மேல, அண்ணன் கேட்டா கோவிச்சுக்குவாரு, பரவால்ல, வந்து பேசட்டும்.

உலகத்துல யாருன்னு கேட்டா, நான் கண்ணால பாத்தவங்கள்ல தன்ராஜ் பிள்ளதான். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைங்கறதால சொல்றேன்னு அக்கா மகன் சொல்லுவான். அது சந்தோஷம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன், சென்னைக்காரர் பாஸ்கரன் 1980-ல மாஸ்கோவுல இந்தியாவுக்கு கேப்டனா தங்கம் வாங்குனப்பயும் எங்க குவார்ட்டர்ஸ்ல இனிப்பு குடுத்தோம். ஆனா தன்ராஜ சொல்றதுக்கு காரணம் வேற. அவரு 1989-ல இருந்து 2004 வரைக்கும் ஆடுனவரு. ஆஃப்சைடு இருந்தப்பயும் ஆடுனாரு, எடுத்தப்புறமும் ஆடுனாரு. ஆள மாத்துற முறை மாறுச்சு, வேகம் மாறுச்சு, எல்லாத்துலயும் அவரு நின்னாரு. நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கிண்ணம், நாலு ஆசிய விளையாட்டு. 1998 பாங்காக்ல கேப்டனா ஆசிய தங்கம், இந்தியாவுக்கு 32 வருஷம் கழிச்சு கெடச்சது. ஒலிம்பிக் மெடல் இல்லையேன்னு கேப்பாங்க. அவரு கையில இருந்த டீம் எது, டுவையர் கையில இருந்த டீம் எதுன்னு பாருங்க. நம்ம நாட்டு லீக்ல பேங்க் சிம்பானான் டீமுக்கு ஆட வந்தப்ப நான் ஜாலான் டூத்தா ஸ்டேடியத்துல போய் பாத்திருக்கேன். பந்த வாங்கி திரும்புற அந்த ஒரு திருப்பம், முடி பறக்குறது, எதிர் டீம் ரசிகன் கூட பெஞ்சு மேல ஏறி நின்னு பாப்பான். பாகிஸ்தானோட ஷாபாஸ் அகமதுவ விட்டுட்டீங்களேன்னு பினாங்குல இருக்குற என் சம்பந்தி கேப்பாரு, 1990, 1994 ரெண்டு உலகக் கிண்ணத்துலயும் சிறந்த ஆட்டக்காரர் அவருதானே, பந்து மட்டைய விட்டுப் போகவே போகாதேன்னு. நியாயமான கேள்வி. ஷாபாஸுக்கு சுத்தி நல்ல டீம் இருந்துச்சு, 1994-ல கிண்ணமும் ஜெயிச்சாங்க. என் அளவுகோல்ல தன்ராஜ் கொஞ்சம் மேல. சம்பந்தி ஒத்துக்க மாட்டாரு, அடுத்த தடவ ஜெலுத்தோங் போகும்போது ராத்திரி பூரா இது ஓடும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடலா இருக்கு. அன்னைக்கு ஒட்டுக்கடையில ரெண்டு மணி நேரம் பேசுனோம், ஒரு பொம்பளப் பிள்ள பேரு கூட வரல. எட்டு தடவ உலகத்தோட சிறந்த ஆட்டக்காரின்னு விருது வாங்குன லூசியானா ஐமார் இருக்காங்க, அர்ஜென்டினா, ஆம்பளைங்கள்ல அத்தன தடவ வாங்குனவங்க யாரும் கிடையாது. 1982 டெல்லியில நம்ம பொம்பளப் பிள்ளைங்க ஆசிய வெண்கலம் வாங்குனாங்க, அந்த டீம்ல யார் யார் இருந்தாங்கன்னு ஹாக்கியே மூச்சா இருக்குற எனக்கே முழுசா சொல்ல வராது. என் பேத்தி பள்ளிக்கூடத்துல ஆடுறா. அவ என்கிட்ட வந்து தாத்தா நம்ம ஊர்ல பெரிய ஆளு யாருன்னு கேட்டா நான் ஆம்பளைங்க பேரா அடுக்கிக்கிட்டு இருந்தா அவ மூஞ்சி எப்படி இருக்கும்?

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோளோடதான் எழுதுறேன். ஞாயிறு பதிப்புல வாரத்துக்கு ஒரு கால் பக்கம் குடுங்க. பழைய ஹாக்கிக்காரங்களப் பத்தி வாசகர்களே எழுதட்டும். தேசிய டீம்ல ஆடுனவங்க மட்டும் வேணாம், ரயில்வே, மின்சார வாரியம், பொதுப்பணி, தோட்டத்து டீம், பள்ளிக்கூட டீம் எல்லாம் வரட்டும். இங்கிலீஷ்லயும் மலாய்லயும் கொஞ்சம் இருக்கு, தமிழ்ல கெடைக்கிறதே இல்ல, ஆனா அந்தக் காலத்துல அந்தத் திடல்ங்கள்ல கேட்ட சத்தத்துல பாதி தமிழ்தானே. 1975-ல 25 வயசா இருந்தவருக்கு இப்ப 75 தாண்டிடுச்சு. எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க ஒட்டுக்கடைக்கு வந்து உக்காந்து பேசுற வரைக்கும்தான் நமக்கு நேரம். போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல பெரியவர் இறந்ததுக்கு அப்புறம் வீட்ட காலி பண்ணும்போது ரெண்டு பெட்டி நெறைய பேப்பர் வெட்டு, போட்டோ, டிக்கெட் துண்டு எல்லாத்தையும் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டாங்க. பிள்ளைங்க மேல கோவம் இல்ல, அது என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. நான் கேள்விப்பட்டு ஓடிப்போனேன், லாரி போயிடுச்சு.

நானே முதல்ல ஆரம்பிச்சு வைக்கிறேன். இந்தக் கடிதத்தோட ஒரு போட்டோ வச்சிருக்கேன், பத்திரமா திருப்பி அனுப்புங்க, எங்கிட்ட இருக்குறது இது ஒண்ணுதான். செந்தூல் ரயில்வே திடல், பின்னால மழமரம் தெரியுது, அடியில பென்சில்ல 1971ன்னு அப்பா கையெழுத்து. 13 பேர் நிக்கிறாங்க. அப்பா முன் வரிசையில முட்டி போட்டு உக்காந்திருக்காரு, மட்டைய தரையில ஊனிக்கிட்டு. அண்ணன்கிட்ட காட்டுனேன், கண்ணாடிய தொடச்சு தொடச்சுப் பாத்து 10 பேர் பேர சொல்லிட்டாரு. மூணு பேர் தெரியல. பின் வரிசையில இடது கோடியில காலுல பேட்டோட நிக்கிற கோல்கீப்பர், அவருக்குப் பக்கத்துல வெள்ளத் தொப்பி போட்டவரு, வலது கோடியில சிரிச்சுக்கிட்டு நிக்கிற சின்ன வயசுப் பையன், 18 வயசுக்கு மேல இருக்காது. அந்தப் பையன் பந்த எடுத்தா திடலே எழுந்து நிக்கும்னு அண்ணன் சொல்றாரு, ஆனா பேரு மட்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு வரமாட்டேங்குதாம். படத்த தயவு செஞ்சு பெருசா போடுங்க, மூஞ்சி தெளிவா தெரியுற மாதிரி. யாருக்காவது தெரிஞ்சா பத்திரிகைக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ள,
செந்தூல், கோலாலம்பூர்.